பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர்

வீடு விற்றாயிற்று. படகு அவனுக்கு.
நாய் எனக்கு; அதுவும் போன வருடம் போய்விட்டது.
கடுகு மஞ்சள் சாப் தொண்ணூற்றாறு மட்டும்
என்சியோ பெயரையும் என் பெயரையும்
அடுத்தடுத்த வரியில் வைத்துக்கொண்டு நின்றது,
ஆறு வருடம்.

பிடிவாதம் என்றார்கள் நண்பர்கள்.
அவ்வளவெல்லாம் இல்லை.
எஞ்சின் அவனுக்குத் தெரியும், வயர் எனக்குத் தெரியும்.
பாதி தெரிந்தவர்
முழுக் காரை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

ஆகவே சனிக்கிழமைகள்.
சலோ நகரத்துக்கு வெளியே
ஓய்ந்துபோன செங்கல் சூளையின் கொட்டகை.
வாடகையை ஏழு பேர் பங்கிட்டோம்,
கூரை ஒழுகுவதையும்.

பிப்ரவரியில் கையுறையைக் கழற்றினால்
ஸ்பேனர் விரலை விடாது.
தெல்லெர்வோ, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்,
தன் வால்வோவுக்கு அடியில் படுத்தபடி
துரு உதிர்வதை எண்ணுவாள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறோம் நாங்கள்,
பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பை வாரி இறைக்கும்
சாலைத்துறையை.

இருபது-ஐம்பது எண்ணெயா, பதினைந்து-நாற்பதா
என்று யாராவது ஆரம்பித்தால்
காபி ஆறிவிடும்.
பதினோரு வருடத்தில்
ஒருவரும் மதம் மாறியதில்லை.

அந்த எஞ்சினுக்குள் ஃபைபரில் ஒரு பல்சக்கரம்.
ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மழுங்கிப்போனது.
வெய்யோ பல் வைத்தியன்,
டார்ச் அடித்துப் பார்த்தான்.
பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்றான்,
பில் அனுப்பவா என்றான்.
என்சியோ சிரித்தான். நானும்.
ஒரே நேரத்தில் சிரித்துவிட்டதை உணர்ந்து
நான் ஃப்யூஸ் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரலில் சொன்னான்:
த்ரொம்சோவில் வேலை கிடைத்திருக்கிறது.
இந்த முறை ஆய்வில் தேறிவிட்டால்
விற்றுவிடலாமா?

தேறாது என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

ஆய்வு நிலையம் பதினான்கு கிலோமீட்டர்.
அவன் ஓட்டினான்.
இந்த வண்டியில் ஒரு குணம்:
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்
எஞ்சின் சக்கரத்தைக் கைவிட்டுவிடும்.
இறக்கத்தில் வண்டி தன்பாட்டுக்கு உருளும்,
சத்தமே இல்லாமல்.
வேண்டாமென்றால் பூட்டிக்கொள்ள
காலருகே ஒரு பிடி இருக்கிறது.
நாங்கள் இருவருமே அதைத் தொட்டதில்லை.

ஆய்வாளன் சின்னப் பையன்.
கியரைத் தரையில் தேடினான்,
ஸ்டீரிங்கில் இருக்கிறது என்றோம் இருவரும்.
பிரேக், புகை, விளக்கு, அடித்தட்டு.
சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தான்.
தட்டு, பாவி, ஓர் இடத்திலாவது
ஓட்டை விழட்டும்.
விழவில்லை.
குறைகள் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துக் கொடுத்தான்.

வெளியே பார்க்கிங்கில்
அந்தக் காகிதத்தை மாற்றி மாற்றிப் படித்தோம்.
படிக்க அதில் ஒன்றுமில்லை.

தார்த்துவிலிருந்து மாரிகா வந்தாள்,
கப்பலேறி, ரொக்கப் பணத்தோடு.
பேரம் பேசவில்லை.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

மூன்றாம் சனிக்கிழமை போன் அடித்தது.
இடது இண்டிகேட்டர் அணைய மாட்டேன் என்கிறது,
கூடவே மூன்றாம் கியரில் ஒரு நடுக்கம்,
யாரிடம் கேட்பது?
இரண்டு பேரிடமும், என்றேன்.
த்ரொம்சோவையும் லைனில் சேர்த்தாள்.

டாஷைக் கழற்றி
வயர்களில் நான் ஒட்டிய பிளாஸ்திரிகளை
ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன்.
அவள் ஃபின்னிஷில் தடுக்கித் தடுக்கி வாசித்தாள்.
ஹாரன். வைப்பர். ஹீட்டர்.
ரோஸ் வயரில் மட்டும் நிறைய எழுதியிருக்கிறதே:
"தொடாதே. என்சியோ வேலை.
ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை.
ஓடுகிறது."

த்ரொம்சோவில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
அதைத் தொட வேண்டாம் என்றான்.
போனை எஞ்சின் பக்கத்தில் பிடி,
மூன்றாயிரம் சுற்று கொடு,
நாங்கள் கேட்கிறோம்.